அலை எட்டாத தெருக்கள்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் இயற்பியல்)

கையில் அலைபேசி இல்லாத மாணவரை இன்று நம் கல்லூரி வளாகத்தில் காண்பது அரிது. வகுப்பறை வாசலிலும், உணவகத்திலும், மரத்தடியிலும் அதுவே நம் உற்ற தோழன். ஆனால் அந்தச் சிறு கருவிக்கு அலை எங்கிருந்து வருகிறது, எந்த மலையைத் தாண்டி, எந்தச் சுவரைத் துளைத்து வந்து சேர்கிறது என்று கேட்டால், நம்மில் எத்தனை பேரால் விடை கூற இயலும்? இயற்பியல் பயிலும் எனக்கே ஈராண்டுகளுக்கு முன்பு அது தெரியாது. தெரிந்துகொள்ளத் தூண்டியவை இரண்டு மழைகள்.

முதல் மழை 2015 டிசம்பர் முதல் நாள் பெய்தது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரில் எங்கள் தெருவுக்குள் அடையாற்று வெள்ளம் புகுந்தபோது, பக்கத்து வீட்டு மாமாவின் மொட்டை மாடிதான் நான்கு குடும்பங்களுக்கு அடைக்கலம். அப்பா அலைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அந்த மாடியின் நான்கு மூலைகளுக்கும் நடந்தார். கடைசியில் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றார். அங்கே ஒரேயொரு கோடு தெரிந்தது. அழைத்தால் இணைப்புக் கிடைக்கவில்லை. தாத்தாவிடம் பேட்டரியில் ஓடும் பழைய டிரான்சிஸ்டர் ஒன்று இருந்தது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று அதில் செய்தி வந்துகொண்டிருந்தது. பேட்டரி தீரும் வரை கேட்டோம். எங்கள் ஊரின் பெயர் வரவில்லை. அதனைக் குற்றமாகச் சொல்லவில்லை. நகரம் முழுவதற்கும் ஒலிபரப்பும் நிலையம் ஒவ்வொரு தெருவுக்கும் செய்தி சொல்ல முடியாது. ஆயினும் படகு எந்தப் பக்கம் வருகிறது, பள்ளிக்கூடத்துக் கட்டடம் திறந்திருக்கிறதா என்பவைதாம் அன்றைக்கு எங்களுக்கு வேண்டியிருந்த செய்திகள்.

இரண்டாவது மழை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்தது. அப்போது நான் இங்கே முதலாண்டு மாணவன். அலைபேசி மீண்டும் ஊமையாயிற்று. தண்ணீர் வடிந்த பிறகு, நாங்கள் சந்தா கட்டும் நிறுவனம் (பெயர் இங்கே வேண்டாம்) வெளியிட்டுள்ள அலைப்பரப்பு வரைபடத்தைப் பார்த்தேன். எங்கள் தெருவின் மேல் அழகான வண்ணம் பூசியிருந்தது. மழையில்லாத நாளிலேயே எங்கள் வீட்டுக் கூடத்தில் பேச்சு அறுந்து அறுந்துதான் வரும். அப்படியிருக்க இந்த வண்ணத்தைப் பூசியவர் யார்?

துறைப் பேராசிரியர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். சிரித்துவிட்டு, "அது அளந்து வரைஞ்ச படம் இல்லப்பா. கணக்குப் போட்டு வரைஞ்ச படம்" என்றார். அந்த ஒரு வாக்கியம் என்னை ஈராண்டுகளாக விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது. இக்கட்டுரை அதன் விளைவு.

வானலையைக் கணக்கிடுவது எப்படி? வெட்டவெளியில் என்றால் எளிது. தூரம் இருமடங்கானால் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகும். இதை முதலாண்டு மாணவரும் அறிவர். ஆனால் நாம் வாழ்வது வெட்டவெளியில் அல்லவே! தரையை ஒட்டிச் செல்லும் அலையோடு, தரையில் பட்டுத் தெறித்த அலையும் வந்து சேர்ந்து அதன் காலை வாரிவிடுகிறது. சமதரையில் தொலைவு செல்லச் செல்ல, தூரம் இருமடங்கானால் ஆற்றல் பதினாறில் ஒரு பங்காகிவிடும். பூமி உருண்டை என்பது இன்னொரு தடை. 30 மீட்டர் உயரக் கம்பத்திலிருந்து பார்த்தால் அலைக்கு அடிவானம் ஏறத்தாழ 22 கிலோமீட்டரில் முடிந்துவிடும். காற்று மண்டலம் அலையைச் சற்றே வளைத்துக் கொடுப்பதால் கண்ணுக்குத் தெரியும் அடிவானத்தைவிட அலையின் அடிவானம் சிறிது அப்பால் இருக்கிறது. இதற்காகப் பொறியாளர்கள் பூமியின் ஆரத்தையே மூன்றில் ஒரு பங்கு கூட்டி வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். கணக்கு ஒத்துவர பூமியையே பெரிதாக்கும் துணிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இன்னொரு செய்தி என்னை வியப்பில் ஆழ்த்தியது. அலை நூல்பிடித்தாற்போல ஒரு கோட்டில் செல்வதில்லை. அனுப்பும் இடத்துக்கும் பெறும் இடத்துக்கும் நடுவே, முனைகளில் கூர்ந்து இடையில் பருத்த வெள்ளரிக்காய் வடிவில் ஒரு வெளி அதற்குத் தேவைப்படுகிறது. ஒளியைப் பற்றி ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் பிரெனல், வானொலி பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே இதற்கு வழிகாட்டிவிட்டார். 90 மெகாஹெர்ட்ஸ் பண்பலைக்கு 8 கிலோமீட்டர் தூரத்தின் நடுவில் அந்த வெள்ளரிக்காயின் ஆரம் 80 மீட்டருக்கு மேல். நம் பரங்கிமலையின் உயரமே 90 மீட்டர் அளவுதான். எனவே மலை நேர்க்கோட்டை மறைக்காவிட்டாலும், அதன் தோள் இந்த வெளிக்குள் இடித்தாலே அலை நலிந்துவிடும்.

இவ்வளவையும் தாளில் போட்டுப் பார்க்க ஓர் ஆயுள் போதாது. அதனால்தான் கணிப்பொறி வந்தது. அமெரிக்காவின் போல்டர் நகரத்தில் அனிதா லாங்லி என்னும் அம்மையாரும் பில் ரைஸ் என்பாரும் 1968இல், மேடுபள்ளமான நிலத்தின் மேல் அலை எவ்வளவு தேயும் என்பதைக் கணிப்பொறியால் கணக்கிடும் முறையொன்றை வெளியிட்டனர். அதே 1968இல் ஜப்பானில் ஒக்குமுரா என்பவர், டோக்கியோவையும் அதன் சுற்றுப்புறத்தையும் வண்டியில் சுற்றி அளந்த அளவுகளை வளைகோடுகளாகத் தந்தார். 1980இல் ஹாட்டா அவற்றைச் சூத்திரமாக்கினார். அலைபேசித் துறை உலகெங்கும் அந்தச் சூத்திரத்தையும் அதன் வழித்தோன்றல்களையும் எடுத்தாண்டது. டோக்கியோவின் கூரைகளுக்கும் குரோம்பேட்டையின் கூரைகளுக்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றுகிறது. திருத்தங்கள் செய்துகொள்கிறார்கள் என்பது உண்மை. திருத்துவதற்கு இங்கே வந்து அளக்க வேண்டும் என்பதும் உண்மை.

நம் வீடுகளில் இந்தக் கணக்கை வேறு விதமாகச் செய்துகொண்டிருந்தோம். சென்னையில் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. அதன்பின் மாடிக்கு மாடி மீன்முள் போன்ற ஏரியல்கள் முளைத்தன. ஒருவர் மாடியில் கம்பத்தைத் திருப்புவார்; ஒருவர் சன்னலில் நிற்பார்; ஒருவர் பெட்டியின் முன் அமர்ந்திருப்பார். "வருதா?" "வரல!" "இப்ப?" "வந்துச்சு, வந்துச்சு... போயிடுச்சு!" தாத்தா இதைச் சொல்லும்போது நடித்தே காட்டுவார். 1982இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கிய பிறகு நம் தென்மாவட்டக் கடற்கரை ஊர்களில் உயர்ந்த கம்பங்கள் நட்டு அதைப் பிடித்துப் பார்த்தார்கள். கடலின் மேல் சில நாட்களில் வெப்பக்காற்று ஒரு மூடிபோல் படிந்து, அலையைக் குழாய்க்குள் செல்வதுபோல் நெடுந்தூரம் இட்டுச்செல்லும். ஒருநாள் தெளிவாக வரும். மறுநாள் புள்ளி புள்ளியாகப் போய்விடும். அதை எதிர்பார்த்துச் சூத்திரம் போட்டிருந்தால் தோற்றுப் போயிருப்பார்கள். எட்டிப் பார்த்தார்கள், கிடைத்தது.

இன்று அதே வேலைக்கு மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கனடாவின் ரோஜர் கூடே என்ற வானொலி ஆர்வலர் ஆக்கிய 'ரேடியோ மொபைல்' ஒன்று. அமெரிக்காவின் ஜான் மக்லியாகேன் ஆக்கிய 'ஸ்பிளாட்' இன்னொன்று. இருவருமே இவற்றை விலைக்கு விற்கவில்லை. ஸ்பிளாட்டின் மூலநிரலையே யாரும் பிரித்துப் பார்க்கலாம். துறையில் ஓய்வு பெற்றுக் கிடந்த ஒரு கணிப்பொறியில் லினக்ஸ் ஏற்றி அதனை இயக்கிப் பார்க்கப் பேராசிரியர் அனுமதி தந்தார். மென்பொருளுக்கு நாம் தரவேண்டியவை சில: கம்பம் எங்கே, எவ்வளவு உயரம், எத்தனை வாட், எந்த அலைவரிசை. நிலத்தின் மேடுபள்ளத்தை விண்வெளி தருகிறது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி, ரேடார் கொண்டு உலக நிலப்பரப்பில் 80 விழுக்காட்டின் உயரத்தை அளந்தது. அந்த அளவுகள் அட்சரேகை, தீர்க்கரேகைப்படி கட்டம் கட்டமாகக் கிடைக்கின்றன.

இங்கே நான் செய்த அசட்டுத்தனம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தாம்பரம் இருக்கும் கட்டத்தை மட்டும் இறக்கி முதல் படத்தை வரைந்தேன். வடக்கே வண்ணம் தாராளமாகப் பரவியிருந்தது. மகிழ்ச்சியோடு பேராசிரியரிடம் காட்டினேன். "பரங்கிமலை எங்கப்பா?" என்றார். 13ஆம் பாகை அட்சரேகை பரங்கிமலைக்குச் சற்றுத் தெற்கே ஓடுகிறது. மலை அடுத்த கட்டத்தில் இருக்கிறது. கட்டம் கிடைக்காத இடத்தை மென்பொருள் கடல் மட்டம் என்று வைத்துக்கொள்ளும். பரங்கிமலையையும் சேர்த்துச் சென்னை மாநகரையே கடலில் ஆழ்த்திவிட்டு அதன்மேல் அலை பாய்ச்சியிருக்கிறேன்! படம் என்னவோ அழகாகத்தான் இருந்தது. தவறான படமும் சரியான படமும் ஒரே அழகில் இருப்பதுதான் இத்தொழிலின் ஆபத்து.

பரங்கிமலையைப் பற்றிப் பேச்சு எழுந்ததும் வரலாற்றுத் துறை நண்பன் ஒருவன் சொன்ன செய்தி என்னை உலுக்கியது. இந்தியாவை அளக்கும் பெரும்பணிக்கு வித்திட்ட வில்லியம் லாம்டன், தம் அடிக்கோட்டை 1802 ஏப்ரல் 10 அன்று அளக்கத் தொடங்கியது இந்தப் பரங்கிமலை அடிவாரத்தில். அதன் மறுமுனை பெரும்பாக்கம் குன்றின் அருகே. இடைத்தூரம் ஏழரை மைல். சங்கிலியை நீட்டி நீட்டி அளந்தார்கள். அதன்மேல் முக்கோணம் முக்கோணமாகக் கட்டி நாட்டையே அளந்தார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரிந்தாக வேண்டும் என்பதால் குன்றில்லாத ஊரில் கோயிலின் மேல் ஏறினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து அவர்களது பெரிய கோணமானி சேதமுற்றதும் வரலாறு. வானலைக்கும் இதே விதிதான்: பார்வை எட்டினால் பேச்சு எட்டும். ஆனால் லாம்டனின் ஆட்கள் இன்றைக்குப் பெரும்பாக்கத்தில் நின்று வடக்கே பார்த்தால் என்ன தெரியும்? குடிசைமாற்று வாரியம் கட்டிய பல அடுக்கு வீடுகள் தெரியும். மேடவாக்கத்தின் அடுக்ககங்கள் தெரியும். அவை 2000க்குப் பின் எழுந்தவை. விண்ணோடம் பறந்தபோது அவை அங்கே இல்லை. அவற்றின் பதிவு என் கணிப்பொறியில் இருக்கும் நிலத்திலும் இல்லை. பல்லாவரம், திரிசூலம் பக்கத்தில் கல் உடைத்து உடைத்து மலையே குழியானது இன்னொரு கதை. மென்பொருள் அறிந்த தென்சென்னைக்கு வயது கால் நூற்றாண்டு.

சரி, கணக்கு எவ்வளவு தூரம் உண்மை? சோதித்துப் பார்த்தோம். நகருக்குள்ளிருந்து, எங்களுக்கு வடகிழக்கே, சிறிய ஆற்றலில் ஒலிபரப்பும் சமுதாய வானொலி நிலையம் ஒன்றை எடுத்துக்கொண்டோம். அதன் அலைப்பரப்பை மென்பொருளில் வரைந்தோம். பிறகு தாத்தாவின் டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு நானும் அந்த வரலாற்று நண்பனும் விடுமுறை நாட்களில் மின்சார ரயிலில் கிளம்பினோம். கிண்டி, பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம் என்று ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கி, தெருவுக்குள் நடந்து, கேட்டு, நோட்டில் மதிப்பெண் இட்டோம். தெளிவாகக் கேட்டால் 5. ஒன்றும் கேட்காவிட்டால் 0. வேறு கருவி எங்களிடம் இல்லை, காதுதான் கருவி. டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு தெருவில் நின்ற எங்களைப் பார்த்து, கிரிக்கெட் ஸ்கோர் என்னவென்று கேட்டுவிட்டுப் போனவர்கள் பலர்.

பெரும்பாலான இடங்களில் கணக்கும் காதும் ஒத்துப்போயின. அதை முதலில் ஒப்புக்கொள்வதே நேர்மை. திரிசூல மலைக்குப் பின்னே, கிழக்குப் பல்லாவரத்தில் அலை நலியும் என்றது மென்பொருள், நலிந்தது. எங்கோ போல்டரில் உட்கார்ந்து 1968இல் எழுதிய கணக்கு நம் திரிசூலத்தின் நிழலைச் சரியாகச் சொன்னதை எண்ணியபோது உடல் சிலிர்த்தது. ஆனால் மேடவாக்கத்தில் கதை வேறு. பள்ளிக்கரணைச் சதுப்பின் மேல் தடையேதும் இல்லை, தாராளமாக எட்டும் என்றது கணக்கு. பிரதான சாலையில் எட்டத்தான் செய்தது. அடுக்ககங்களுக்கு இடையே சந்துக்குள் நுழைந்ததும் 2 ஆயிற்று. ஒரு நண்பனின் தரைத்தள வீட்டுக்குள் 0. நேர்மாறாக, வராது என்று சொன்ன ஓரிடத்தில், எதிர்க்கட்டடத்துச் சுவரில் பட்டுத் தெறித்து வந்ததோ என்னவோ, மணிபோல் கேட்டது.

என் கருத்தின் மையத்துக்கு இப்போது வருகிறேன். லாங்லி, ரைஸ் முறையில் கணக்கிடும்போது மென்பொருள் நம்மிடம் இரண்டு எண்களைக் கேட்கிறது: நூற்றுக்கு எத்தனை இடங்களில் அலை கிடைக்க வேண்டும்? நூற்றில் எத்தனை பங்கு நேரம் கிடைக்க வேண்டும்? நான் முதலில் இரண்டுக்கும் 50 என்று இட்டிருந்தேன். அது வழக்கமாக இடும் எண். அதாவது என் படத்தின் வண்ண விளிம்பில் நிற்பவர்களில் பாதிப் பேருக்குப் பாதி நேரம் கிடைத்தால் போதும் என்று பொருள்! இரண்டையும் 90 ஆக்கி மீண்டும் இயக்கினேன். அதே கம்பம், அதே வாட், அதே மலை. வண்ணம் எல்லாப் பக்கமும் சுருங்கிற்று. முதல் படத்தில் வண்ணத்துக்குள் இருந்த முடிச்சூர் இரண்டாவது படத்தில் வெளியே போய்விட்டது. எங்கள் தெருவை உள்ளே வைத்ததும் வெளியே தள்ளியதும் நான் விசைப்பலகையில் தட்டிய இரண்டு எண்கள்.

ஆகவே மென்பொருளைக் குறை கூறுவதற்கில்லை. அது நம்மைக் கேட்டுவிட்டுத்தான் வரைகிறது. அந்தக் கேள்வியையும் அதற்குத் தந்த விடையையும் மறைத்துவிட்டு, வண்ணத்தை மட்டும் மக்கள் முன் விரிப்பதைத்தான் நான் குறை கூறுகிறேன். அலைப்பரப்பு என்று யார் எந்தப் படம் வெளியிட்டாலும், எத்தனை விழுக்காடு இடத்துக்கு, எத்தனை விழுக்காடு நேரத்துக்கு, எந்த ஆண்டின் நிலத்தைக் கொண்டு என்று அதன் அடியில் அச்சிட வேண்டும். மருந்துப் புட்டியில் தேதி போடுகிறோம். இதற்குப் போடக் கூடாதா? கோடைக்காலத்துப் பாட்டுக்கு 50 போதும். வெள்ள நாளுக்கு அது போதாது.

நிறுவனங்கள் அளப்பதே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கருவிகளை வண்டியில் ஏற்றிச் சாலைதோறும் அளக்கிறார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமும் அவ்வாறு அளந்து முடிவுகளை வெளியிடுகிறது. ஆனால் அந்த வண்டி சாலையில்தான் போகும். எங்கள் தெருவுக்குள் தண்ணீர் லாரி திரும்பவே இடமில்லை.

அப்படியானால் தெருவுக்குள் நுழைந்து அளப்பவர் யார்? நாம்தான். நம் கல்லூரிக்கு வராத பகுதி தென்புறநகரில் ஏது? ஊரப்பாக்கத்திலிருந்து வருகிறார்கள், அனகாபுத்தூரிலிருந்து வருகிறார்கள், செம்பாக்கம், சேலையூர், பம்மல், பொழிச்சலூரிலிருந்து வருகிறார்கள். ஒவ்வொருவரும் தத்தம் தெருவை ஒருநாள் அளந்து தந்தால், தாம்பரம் மாநகராட்சிக்கு (2021இல் அது மாநகராட்சியாயிற்று) யாரிடமும் இல்லாத ஒரு படம் நம்மிடம் இருக்கும்.

"இதெல்லாம் பொறியியல் கல்லூரிக்காரர்கள் செய்ய வேண்டியது, கலைக் கல்லூரிக்கு எதற்கு?" என்று ஒரு விரிவுரையாளரே என்னிடம் கேட்டார். அவர்மேல் எனக்கு மிகுந்த மதிப்புண்டு. ஆனால் இதில் அவரோடு உடன்பட மாட்டேன். நிலப்படம் வாசிக்கப் புவியியல் துறையைவிட யாருக்குத் தெரியும்? விழுக்காடு என்றால் என்னவென்று புள்ளியியல் துறை சொல்லட்டும். லாம்டனை எனக்குக் காட்டியது வரலாற்றுத் துறை. ஊருக்குள் சென்று வீடுவீடாகக் கதவைத் தட்டும் பழக்கம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவருக்கு உண்டு. கம்பியைத் துண்டு துண்டாகப் பகுத்து ஒவ்வொன்றிலும் ஓடும் மின்னோட்டத்தைக் கணக்கிட்டு ஆண்டெனாவையே கணிப்பொறிக்குள் கட்டிப் பார்க்கும் மென்பொருள் வேண்டுமானால் எங்கள் துறையிடம் விட்டுவிடுங்கள்.

அளப்பதோடு நின்றுவிடவும் கூடாது என்பது என் ஆசை. கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்த 2002 முதலே அரசு இடம் தந்துள்ளது. அண்ணா பல்கலைக்கழகம் 2004 பிப்ரவரி முதல் நாளில் அதைத் தொடங்கி நாட்டுக்கே வழிகாட்டியது. விதிப்படி 100 வாட் ஆற்றல், 30 மீட்டர் உயரம். கேட்கும் தூரம் 5 முதல் 10 கிலோமீட்டர். சிறிது என்று தோன்றலாம். ஒரு வெள்ளத்துக்கு அந்தச் சிறிதுதான் வேண்டும். பத்து கிலோமீட்டருக்குள் பேசும் வானொலி முடிச்சூரின் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. அலைபேசிக் கோபுரத்துக்கு மின்சாரமும் டீசலும் கண்ணாடி இழையும் வேண்டும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் அழைத்தால் அது திணறும். வானொலியைப் பத்தாயிரம் பேர் கேட்டாலும் ஒலிபரப்பிக்குச் சுமை கூடுவதில்லை. ஒரு சிறு ஜெனரேட்டர் போதும்.

வானொலி ஒருவழிப் பாதை என்பதை மறுக்கவில்லை. தொட்டியின் மேல் நின்ற அப்பா கேட்க விரும்பினார். அதைவிடப் பேச விரும்பினார். அதற்கு அமெச்சூர் வானொலி இருக்கிறது. 2004 சுனாமியின்போது அந்தமானில் தகவல் தொடர்பு அற்றுப்போன வேளையில், அமெச்சூர் ஒலிபரப்புக்காக அங்கே சென்றிருந்த பாரதி பிரசாத் அம்மையார் போர்ட் பிளேரிலிருந்து செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பினார். 12 வயது நிரம்பிய எவரும் தேர்வெழுதி அந்த உரிமம் பெறலாம். நம் கல்லூரியில் அந்த உரிமம் பெற்ற மாணவர் ஒருவரைக்கூட நான் இதுவரை சந்திக்கவில்லை. நான் விண்ணப்பிக்க இருக்கிறேன்.

கம்பத்தை எங்கே நடுவது என்பதில் மென்பொருள் அறியாத சிக்கல்களும் உண்டு. பச்சைமலை உச்சிதான் சிறந்த இடம் என்று என் படம் அடித்துச் சொல்கிறது. ஆனால் ஒருபுறம் மீனம்பாக்கம் விமான நிலையம். மறுபுறம் தாம்பரம் விமானப்படைத் தளம். பண்பலை முடியும் 108 மெகாஹெர்ட்ஸில்தான் விமானங்களுக்கு வழிகாட்டும் அலைவரிசை தொடங்குகிறது. உயரத்துக்கும் அலைக்கும் தனித்தனியே அனுமதி பெற வேண்டும். கணிப்பொறிக்கு மலை தெரிகிறது. மலைக்கு மேல் பறப்பது தெரிவதில்லை.

சென்ற மாதம் ஒரு மாலையில் எங்கள் தெருவை அளந்து முடித்தேன். தெருமுனையில் 1, எங்கள் வீட்டுக்குள் 0. பக்கத்து வீட்டு மாமாவிடம் கேட்டு அவர் மாடித் தொட்டியின் மேல், அப்பா அன்று நின்ற அதே இடத்தில் ஏறி நின்றேன். கீழேயிருந்து, "என்னப்பா, வருதா?" என்றார் மாமா. இரைச்சலுக்கிடையே யாரோ ஒரு மாணவி செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். 2 என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

முடிச்சூர் முடிந்தது. வரதராஜபுரம், பெருங்களத்தூர், இரும்புலியூர், கிழக்கே மாடம்பாக்கம், வேங்கைவாசல் ஆகியன மீதம் இருக்கின்றன. மழையில்லாத சனிக்கிழமைகளில் காலை 7 மணிக்குத் தாம்பரம் ரயில் நிலையத்தின் மேற்கு வாசலில் நானும் நண்பனும் இருப்போம். வீட்டுப் பரணில் பழைய டிரான்சிஸ்டர் வைத்திருப்போர் எடுத்துக்கொண்டு வரலாம். எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். பேட்டரிக்குத் துறையில் சொல்லி ஏற்பாடு செய்திருக்கிறோம்.